காலராவின் புவியியலை வகுப்பில் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். மேல்நிலை வகுப்பில் நோய்ப் பரவலின் புவியியலைக் காலராவைக் கொண்டு நடத்த விரும்புகிறேன். ஆனால் பாதிக்கப்பட்ட நாடுகளுக்கு வண்ணம் தீட்டிய உலக வரைபடத்தைக் காட்டினால், 'இது ஏழை நாடுகளின் நோய்' என்ற முடிவோடு மாணவர்கள் நின்றுவிடுகிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது, எவ்வழியே சென்றது என்று அவர்களே கேட்கும்படி பாடத்தை எப்படித் தொடங்கலாம்?

மறுமொழி 1:
உலக வரைபடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரே ஒரு தெருவிலிருந்து தொடங்குங்கள். 1854 ஆகஸ்ட் இறுதியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, கெட்ட காற்றே காரணம் என்று பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் பின்னர் வெளியிட்ட வரைபடத்தில், இறப்புகள் பிராட் தெரு அடிகுழாயைச் சுற்றிக் குவிந்திருப்பதை மாணவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். ஆயினும் அந்தக் குவியல் மட்டும் எதையும் மெய்ப்பித்துவிடாது. கெட்ட காற்று அங்கேதான் தேங்கியிருந்தது என்றும் அதே படத்தை வைத்து வாதிடலாம். ஸ்னோவின் வாதத்துக்கு வலுச் சேர்த்தவை விதிவிலக்குகளே. அருகிலிருந்த ஏழையர் இல்லத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இருந்தும் ஐவர் மட்டுமே இறந்தனர். அங்கே தனிக் கிணறு இருந்தது. அதே தெருவின் பீர் ஆலைத் தொழிலாளர்களில் ஒருவரும் இறக்கவில்லை. அவர்கள் அந்த அடிகுழாய் நீரைக் குடிக்கவில்லை. மாறாக, தொலைவிலிருந்த ஹாம்ப்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு பெண்மணி, பிராட் தெருத் தண்ணீரின் சுவையை விரும்பி அதை வரவழைத்துக் குடித்து வந்தவர், இறந்துபோனார். முதலில் இறப்புகளைக் குறித்த வரைபடத்தை மட்டும் கொடுத்து மாணவர்களை விளக்கம் எழுதச் சொல்லுங்கள். இந்த மூன்று செய்திகளையும் அதன் பிறகே கொடுங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் லண்டனோடு நிறுத்தினால், அங்கே செய்ததுபோல அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்றிவிட்டால் நோய் ஒழிந்துவிடும் என்று மாணவர்கள் எண்ணிவிடுவார்கள். காலராவை உண்டாக்கும் விப்ரியோ காலரே என்னும் பாக்டீரியா, கங்கை–பிரம்மபுத்திரா கழிமுகம் போன்ற உவர்நீர்ப் பகுதிகளில், கோப்பிபாடு எனப்படும் நுண்ணிய ஓட்டுடலிகளின் மேல் ஒட்டிக்கொண்டு மனிதத் தொடர்பின்றியே வாழக்கூடியது. வங்கதேச ஊர்களில் பழைய சேலைத் துணியைப் பல மடிப்பாக மடித்து நீரை வடிகட்டியபோது காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததற்கும் இதுவே காரணம்: பாக்டீரியா தனித்திருந்தால் துணியில் சிக்காது, அது ஒட்டியிருக்கும் உயிரி சிக்கிவிடும். நம் மாணவர்களுக்கு இன்னொன்றையும் சொல்லலாம். இந்தப் பாக்டீரியாவின் ஓ139 என்ற புதிய வகை 1992இல் முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான்; அங்கிருந்து அது வங்கக் கடலோரப் பகுதிகள் வழியாக வங்கதேசம் வரை பரவியது.

மறுமொழி 3:
கரீபியன் நாடான ஹைத்தியை விட்டுவிடாதீர்கள். 2010 ஜனவரி நிலநடுக்கத்தில் சிதைந்தது தலைநகர்ப் பகுதி. காலராவோ அக்டோபரில், அங்கிருந்து விலகியிருந்த ஆர்ட்டிபோனிட் ஆற்றுப் படுகையில் தொடங்கியது. ஐ.நா. அமைதிப்படை முகாம் ஒன்றின் கழிவு அந்த ஆற்றின் துணையாறு ஒன்றில் கலந்ததையே ஆய்வுகள் காட்டின. இதில் தன் பங்கை ஐ.நா. 2016இல்தான் ஒப்புக்கொண்டது. நாட்டு எல்லைகள் இல்லாமல் ஆற்றை மட்டும் கரும்பலகையில் வரைந்து, மலையடிவாரத்திலிருந்து கடல்வரை நோய் எந்த வரிசையில் எந்த ஊரை அடைந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். நீரோட்டத்தின் திசை தெரிந்த மாணவர்கள் விடையைத் தாங்களே சொல்லிவிடுவார்கள்.