புள்ளைக்கு உடம்பு தூக்கிப்போட்டப்ப ஒரு கைதான் விரிஞ்சுச்சு

தேவகோட்டை அம்மா:
பிறந்து 11ஆம் நாள். ஆத்தங்குடிக் கல்லு மேல பாய் விரிச்சுப் புள்ளைய வளவுல படுக்க வச்சிருந்தோம். காத்துக்கு முகப்புக் கதவு டமால்னு அறைஞ்சுச்சு. தேக்குக் கதவு, சத்தம் தெரியுமே. புள்ளைக்கு உடம்பு திடுக்குன்னு தூக்கிப்போட்டுச்சு. இடது கை விரலெல்லாம் விரிஞ்சு மேல போயி, எதையோ கட்டிக்கிற மாதிரி நெஞ்சுக்கு வந்துச்சு. வலது கை அப்படியே கிடந்துச்சு. இன்னும் அந்தக் கை கண்ணுக்குள்ளயே நிக்குது.

அப்பத்தா பயந்துட்டான்னு திருநீறு பூசுனாக. ஆயா உரம் விழுந்திருக்கு, சுளுக்குன்னாக. விரலைக் கொடுத்தா அந்தக் கையாலயும் இறுக்கிப் பிடிச்சான், அதான் எனக்குச் சந்தேகமே வரலை. மறுநாள் டாக்டர் தலையத் தாங்கி லேசாத் தாழ்த்திப் பார்த்தார். அதே ஒரு கை. எக்ஸ்ரேயில கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல இருக்கிற காறை எலும்பு முறிஞ்சிருந்துச்சு, பிரசவத்துல ஆனது. சட்டைக் கையை நெஞ்சோட பின் குத்தி வச்சே கூடிருச்சு. ஆனா எக்ஸ்ரே எடுக்கிறதுக்கு முன்னாடி அத்தனை நாளும் அந்தக் கையப் பிடிச்சுத்தானே குளிப்பாட்டினோம்.

பள்ளத்தூர்க்காரன்:
உரம் எடுக்கிறதைக் குறை சொல்லாதீங்க. என் மகளைச் சேலையில போட்டு மூணு தடவை உருட்டுனதும் அழுகை நின்னுச்சு. கண்ணால பார்த்தேன்.

கானாடுகாத்தான் ஆச்சி:
தம்பி, அழுது களைச்ச புள்ளை தானா நிறுத்தும். எலும்பு முறிஞ்ச புள்ளைய உருட்டியிருந்தா?

என் பேரனுக்கு உள்ளங்காலைத் தடவுனா பெருவிரல் மேல நிமிரும். நரம்புக் கோளாறுன்னு மதுரைக்கு ஓடுனோம், ஒரு வயசுக்குள்ள அப்படித்தான்னு அனுப்பிட்டாக. அவ்வளவுதான் என் கதை. ஆனா இதைக் கேளுங்க. தூக்கிப்போடுறது 1918ல மோரோங்கிற டாக்டர் எழுதி வச்சது, பேயுமில்லை பயமுமில்லை. தலை சட்டுன்னு தாழ்ந்தாலே வரும். அதனால படுக்க வைக்கையில காலும் இடுப்பும் முதல்ல படட்டும், தலைய கடைசியா விடுங்க. ஆறு மாசத்துக்குள்ள அடங்கிரணும். நாலஞ்சு மாசத்துல, தூங்கி எழுந்ததும், சத்தமே இல்லாம, திரும்பத் திரும்ப வெட்டி வெட்டிக் குனிஞ்சா அது வலிப்பா இருக்கலாம். போன்ல வீடியோ எடுத்து அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க.

தேவகோட்டை அம்மா:
ஆச்சி, உருட்டத்தான் ஆள் விட்டிருந்தாக. உரம் எடுக்கிற அம்மா அன்னைக்குக் குன்றக்குடிக்குப் போயிருந்தாக.