பாண்டி ரிசார்ட்டில் எந்தப் பக்கம் அறை எடுப்பது? மாமியாருக்கு முழங்கால் வலி, கூட இரண்டு பிள்ளைகள்

நெய்வேலி அம்மா:
வணக்கம். பொங்கல் லீவுக்குப் பாண்டிக்குத் தெற்கே, கடலூர் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு பெரிய ரிசார்ட்டில் மூன்று ராத்திரி தங்கப் போகிறோம். மூன்று வேளைச் சாப்பாடு, நீச்சல் குளம், பிள்ளைகள் விளையாட இடம் எல்லாம் சேர்ந்த பேக்கேஜ். ரிசார்ட்டை முடிவு செய்துவிட்டோம். அதற்குள் எங்கே தங்குவது என்பதில்தான் வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சு ஓடுகிறது.

நாங்கள் இரண்டு பேர், ஒன்பது வயதுப் பையன், நான்கு வயதுப் பெண், மாமியார். அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். சமதரையில் மெதுவாக நடப்பார். படி ஏறினால் அன்று ராத்திரி தூக்கம் கிடையாது.

அவர்கள் சொல்வது நான்கு வகை. கடலைப் பார்த்த முதல் வரிசை காட்டேஜ், விலை கூட. நீச்சல் குளத்தைச் சுற்றித் தரைத்தள அறைகள். சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டி லிஃப்ட் வைத்த மூன்று மாடிக் கட்டடம், இதில் நடுவே கதவு உள்ள இரட்டை அறைகள் உண்டு. கடைசியாக, உப்பங்கழி ஓரத்தில் தனி வில்லா, வாசலிலேயே சின்னக் குளம்.

கணவருக்குக் கடல் தெரிந்தே ஆக வேண்டும். பிள்ளைகளுக்கு வில்லாவின் குளம். மாமியார், "என்னை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க" என்கிறார். அவர் அப்படிச் சொல்வதாலேயே எனக்கு அவரை வைத்துத்தான் முடிவு செய்யத் தோன்றுகிறது. அந்தப் பக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வீராம்பட்டினத்தான்:
அக்கா, முதலில் கடலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தெற்குப் பக்கம் எடுத்தது நல்லதுதான். நம்ம கரையில் வருஷத்தில் பெரும்பாலான மாதம் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980களின் கடைசியில் துறைமுகத்துக்குக் கல் சுவர் போட்ட பிறகு மணல் தெற்கே தேங்கிவிட்டது, வடக்கே குருசுக்குப்பம், சோலை நகர் பக்கமெல்லாம் கரை அரித்துக் கல் கொட்ட வேண்டியதாயிற்று. அங்கே சில இடங்களில் "கடல் பார்த்த அறை" என்றால் கருங்கல்லைப் பார்த்த அறைதான். நீங்கள் போகிற பக்கம் பிள்ளைகள் மணல் வீடு கட்ட அகலமான கரை இருக்கும்.

ஆனால் குளிக்க நினைக்காதீர்கள். தை மாதத்தில் வடகிழக்குக் காற்று இன்னும் அடங்கியிருக்காது. மழைக்கால அலை கரையை வெட்டி, தண்ணீர் ஓரத்தில் மணல் படி மாதிரி நிற்கும். அதைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தால் பையனுக்கு இடுப்பளவு, அடுத்த அலை காலை இழுக்கும். எங்கள் ஊரில் கட்டுமரத்தில் போய்ப் பழகியவர்களே அந்த நேரத்தில் சும்மா இறங்க மாட்டார்கள். ஆக, பிள்ளைகள் கரையில் காலை ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் நீச்சல் குளத்தில்தான் கிடப்பார்கள். அதை வைத்து இடத்தைப் பாருங்கள்.

வில்லா வேண்டாம் என்பது என் கருத்து. உப்பங்கழி ஓரம், மழை முடிந்த கையோடு. ஆறு மணிக்குக் கதவைச் சாத்தாவிட்டால் கொசு தூக்கிக்கொண்டு போய்விடும். வாசலிலேயே குளம் என்றால் நான்கு வயதுக் குழந்தையை நீங்கள் ராத்திரி பகலாகக் காவல் காக்க வேண்டும்.

முன்னாள் ரிசப்ஷன்:
நான் இந்தப் பக்கத்து ரிசார்ட்டுகளில் முன் அலுவலகத்தில் வேலை பார்த்தவன். மேடம், படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூன்று வேளையும் சேர்ந்த பேக்கேஜ் என்றால் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒரு நாளைக்கு மூன்று முறை போய் மூன்று முறை திரும்ப வேண்டும். சாயங்கால டீ, பஜ்ஜி தனி. பேட்டரி வண்டி இருக்கிறது என்பார்கள், இருக்கும். ஆனால் காலை எட்டரை மணிக்கு எல்லாக் குடும்பமும் ஒரே நேரத்தில் கூப்பிடும். லீவு நாளில் அதை நம்பி முழங்கால் வலிக்காரரைத் தூரத்தில் தங்க வைக்கக் கூடாது.

அடுத்தது, நீங்கள் பணம் கட்டுவது அறையின் வகைக்குத்தான், அறை எண்ணுக்கு இல்லை. எண்ணை நாங்கள் முந்தின நாள் சாயங்காலம் வருகைப் பட்டியலைப் பார்த்துத்தான் போடுவோம். அதனால் இப்போதே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: முழங்கால் பிரச்சினை உள்ள மூத்தவர், லிஃப்டுக்குப் பக்கத்து அறை, நடுக்கதவு கட்டாயம் என்று. பிறகு முந்தின நாள் மதியம் போன் செய்து நினைவுபடுத்துங்கள். அந்த ஒரு போன் செய்பவருக்குத்தான் நல்ல அறை போகும்.

நெய்வேலி அம்மா:
இரண்டு பேருக்கும் நன்றி. வில்லாவை விட்டுவிட்டோம். பையனுக்குக் கொஞ்சம் வருத்தம், பரவாயில்லை. இப்போது குளத்தோரத் தரைத்தள அறையா, லிஃப்ட் கட்டடமா என்றுதான் பார்க்கிறேன். தரைத்தளம் என்றால் படியே இல்லையே?

பாகூர் ஏரிக்கரை:
படி இல்லை என்று சொல்வார்கள் அம்மா, குளியலறையைப் பாருங்கள். அம்மாவைக் கூட்டிப் போனபோது எங்களுக்குக் கிடைத்த தரைத்தள அறையில் வாசலில் படி கிடையாது. ஆனால் உள்ளே குளியல் தொட்டிக்குள் நின்றுதான் ஷவரில் குளிக்க வேண்டும். தொட்டியின் விளிம்பு அம்மாவின் முழங்கால் உயரம், பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பியும் இல்லை. பக்கெட், சொம்பு கேட்டு வாங்கி, கழிப்பறைப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் குளிக்க வைத்தோம். தொட்டி இல்லாத குளியலறையா, சுவரில் கைப்பிடி உண்டா, தரை வழுக்குமா, மூன்றையும் போனில் கேளுங்கள். கட்டிலின் உயரமும் பார்க்க வேண்டியதுதான், ரொம்பத் தாழ்வாக இருந்தால் எழுந்திருக்க முடியாது.

குளத்தோர அறையில் இன்னொரு தொல்லை சத்தம். பிள்ளைகள் கத்துவது போகட்டும், புல்வெளியில் கல்யாண வரவேற்போ பிறந்தநாளோ இருந்தால் ஸ்பீக்கர் போடுவார்கள். இரவு பத்து மணிக்கு மேல் வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று விதி இருக்கிறது, ஆனால் உங்கள் மகள் எட்டரைக்குத் தூங்க வேண்டுமே.

தேவனாம்பட்டினம்:
எல்லாரும் நடக்கிற தூரத்தையே பேசுகிறீர்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. நீங்களும் பிள்ளைகளும் வெளியே சுற்றுவீர்கள். அறையில் அதிக நேரம் இருக்கப் போவது யார்? உங்கள் மாமியார். அப்படியென்றால் கடல் தெரிய வேண்டியது அவருக்குத்தானே, உங்கள் கணவருக்கு இல்லையே. கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்துதான் எழும்பும், தை மாதத்தில் ஆறரை மணி வாக்கில். வயதானவர்கள் அதற்கு முன்பே விழித்திருப்பார்கள். பால்கனியில் ஒரு நாற்காலி, கையில் காபி, எதிரில் கடல். அவர் வாய் திறந்து கேட்க மாட்டார், நாம்தான் கொடுக்க வேண்டும். பணம் கொஞ்சம் கூடினாலும் முதல் வரிசையை யோசியுங்கள்.

முன்னாள் ரிசப்ஷன்:
தேவனாம்பட்டினம் சொன்னது முழுக்கச் சரி, ஆனால் முதல் வரிசை தேவையில்லை. ஊர்ப்புறக் கரைகளில் கடலை ஒட்டி 200 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கட்டத் தடை 1991 விதியிலேயே வந்துவிட்டது. அதனால் பல இடத்தில் முதல் வரிசை என்பதே கடலுக்குத் தள்ளித்தான் இருக்கும், நடுவில் சவுக்குத் தோப்பு வேறு. தரையில் உட்கார்ந்தால் மரம்தான் தெரியும். அதே கடல் இரண்டாவது, மூன்றாவது மாடியிலிருந்து மரத்துக்கு மேலே நன்றாகத் தெரியும், விலையும் குறைவு. லிஃப்ட் கட்டடத்தில் கிழக்குப் பக்கம் கேளுங்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டரில் லிஃப்ட் ஓடுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். சமையல்கட்டின் புகைக் குழாய் எந்தப் பக்கம் என்று கேட்டு அதற்கு எதிர்ப்பக்கம் வாங்குங்கள்.

நெய்வேலி அம்மா:
போன் செய்தேன். கிழக்குப் பக்கம் இரண்டாவது மாடியில் நடுக்கதவு உள்ள ஜோடி அறைகள் இருக்கின்றன. ஒன்றில் கடல் பார்த்த பால்கனி, மற்றொன்றுக்கு ஜன்னல் மட்டும். தொட்டி கிடையாது, கைப்பிடியைக் கேட்டால் பொருத்தித் தருகிறார்களாம். லிஃப்ட் ஜெனரேட்டரில் ஓடும். சாப்பாட்டுக் கூடம் அதே கட்டடத்தின் தரைத்தளத்திலிருந்து கூரை போட்ட நடைபாதையில் போகலாம். பால்கனி அறை அத்தைக்கும் பெண்ணுக்கும், ஜன்னல் அறை எங்களுக்கும் பையனுக்கும். கணவரிடம் சொன்னேன், உடனே சரி என்றுவிட்டார். இன்றே முன்பணம் கட்டுகிறோம். ஒரே ஒரு கேள்வி: காணும் பொங்கல் அன்று அங்கேதான் இருப்போம். கூட்டம் எப்படி இருக்கும்?

வீராம்பட்டினத்தான்:
கரை முழுக்க ஜனம்தான் அக்கா. சுண்ணாம்பாறு படகுத்துறையில் பாரடைஸ் பீச் போகிற படகுக்கு நீண்ட வரிசை நிற்கும், அன்று அதை வைத்துக்கொள்ளாதீர்கள், முந்தின நாளோ மறுநாளோ போங்கள். கடலூர் ரோட்டில் அரியாங்குப்பம் பாலத்துப் பக்கம் வண்டி நகராது. அன்று வெளியே போகாமல் ரிசார்ட்டிலேயே இருந்துவிடுங்கள். பால்கனிக் கம்பியின் இடைவெளியை மட்டும் போன உடனே பாருங்கள், மகள் பாட்டியோடு அந்த அறையில் இருக்கப் போகிறாள். நாற்காலியைக் கம்பியை ஒட்டிப் போட வேண்டாம், கதவுக்கு மேல் தாழ்ப்பாள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.