உணவு நஞ்சுத் திரில்லர்: பேர்கர் தின்ற பிள்ளைக்கு மூன்றாம் நாளே டயாலிசிஸோ?

கோண்டாவில் வாசகி கேட்டது:

வாசகர் வட்டத்தில் இந்த மாசம் ஒரு ஆங்கில மருத்துவத் திரில்லர் ஓடுது. பாதிப்பேர் இன்னும் முடிக்கேல்லை, அதால பெயரை விடுவம். சரியா வேகாத மாட்டிறைச்சி பேர்கர், ஒரு சின்னப் பிள்ளை, ஈ.கோலை ஓ157 எண்ட குடல் கிருமி. ஞாயிறு தின்னுது, திங்கள் வயிற்றோட்டம், புதன் டயாலிசிஸ். வாசிக்க விறுவிறுப்புத்தான், ஆனா மூண்டு சந்தேகம்.

அந்த வேகம் உண்மையோ? பாதி வெந்த ஸ்டேக்கைத் தின்னுற வெள்ளைக்காரருக்கு வராதது பேர்கரில மட்டும் ஏன் வருது? இதையே யாழ்ப்பாணத்தில வைச்சு எழுதினா எந்தக் கிருமி, எந்தச் சாப்பாடு பொருந்தும்? "இது அமெரிக்கக் கதை, எங்களுக்கென்ன" எண்டு வட்டத்தில இரண்டு பேர் தள்ளிப்போட்டினம். விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

அகார்த் தட்டு எழுதியது:

மணிக்கூடுதான் முதல் பிழை. ஓ157 உள்ளே போய் வயிற்றைக் குழப்ப வழமையாக 3, 4 நாள் எடுக்கும். 1 நாளிலும் வரலாம், 10 நாளும் போகலாம். முதலில் தண்ணியாகப் போகும், ஒன்றிரண்டு நாளில் இரத்தம் காணும், வயிறு முறுக்கும், காய்ச்சல் பெரிதாக இராது. சிறுநீரகம் பழுதாவதென்றால் வயிற்றோட்டம் தொடங்கி ஏறத்தாழ ஒரு கிழமை கழித்துத்தான். வயிறு அடங்கி, வீட்டுக்காரர் "சுகம் வந்திட்டுது" என்று மூச்சு விடுகிற நேரத்தில் பிள்ளை வெளிறும், மூத்திரம் குறையும். ஞாயிறு தின்றதன் விளைவு அதற்கடுத்த கிழமையில் வருகிறது. அதை மூன்று நாளுக்குள் அடைத்தது மருத்துவப் பிழை, கதைக்கும் நட்டம். திரும்பி வரும் ஆபத்தைவிட நல்ல திகில் எங்கே கிடைக்கும்?

உள்ளே நடப்பது இது: கிருமி குடலிலேயே நிற்கும். அது விடுகிற சீகா நச்சுத்தான் இரத்தத்தில் ஏறிச் சிறுநீரக நுண்குழாய்களின் உட்சுவரைக் காயப்படுத்துகிறது. அங்கே சின்னச் சின்னக் கட்டிகள் உறையும். அந்த நெருக்கத்துக்குள்ளால் போகிற சிவப்பணுக்கள் கிழிபடும். இரத்தப் பூச்சை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் தலைக்கவசம் போன்ற உடைசல்கள் தெரியும். இரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் விழும், சிறுநீரகம் வடிக்கவேண்டிய கழிவான கிரியாட்டினின் ஏறும். இதைத்தான் ஹீமோலிட்டிக் யூரீமிக் சின்ட்ரோம் என்கிறார்கள். தொற்றிய எல்லாப் பிள்ளைகளுக்கும் வராது. 100 பேரில் 5 முதல் 15 வரை என்பது பொதுக் கணக்கு. வந்தவர்களிலும் பெரும்பாலானோர், தேவைப்பட்டால் டயாலிசிஸின் துணையோடு, மீளுகிறார்கள்.

ஸ்டேக் கேள்விக்கு: முழுத் துண்டு இறைச்சியில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும். தாச்சியில் இரண்டு பக்கமும் வாட்டினால் செத்துவிடும், நடு சிவப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அரைத்தால் வெளியே இருந்தது உள்ளே போகிறது. போதாக்குறைக்கு ஒரு பேர்கரில் பல மாடுகளின் இறைச்சி கலந்திருக்கும். அதனால் நடுப்பகுதி 71 பாகை செல்சியஸுக்கு வரவேண்டும். கண்ணால் பார்த்துக் கணிக்க முடியாது. சில இறைச்சி அந்தச் சூட்டுக்கு வரமுன்னமே பழுப்பாகிவிடும். 100க்குக் குறைந்த கிருமிகளே நோய்க்குப் போதும் என்பதால் ஒரு வாய் கடித்தாலும் ஆபத்துத்தான்.

இந்தக் கிருமியை நோயோடு சேர்த்து அடையாளம் கண்டது 1982இல். 1993இல் அமெரிக்காவின் மேற்குப் பக்கம் 700க்கு மேற்பட்டோர் பேர்கரால் நோய்ப்பட்டு நான்கு பிள்ளைகள் இறந்தபின், 1994இல் அரைத்த மாட்டிறைச்சியில் ஓ157 இருந்தாலே அது கலப்படம் என்று அந்நாட்டு விவசாயத் திணைக்களம் அறிவித்தது. உங்கள் நாவலின் கோபத்துக்கு வேர் அங்கே இருக்கலாம்.

இன்னொன்று. வைத்தியர் அன்டிபயோட்டிக் கொடுக்க மறுக்கிற கட்டத்தை வாசகர்கள் அலட்சியம் என்று திட்டுவார்கள். ஓ157 என்று சந்தேகித்தால் அதுதான் சரி. சில மருந்துகள் கிருமியை நச்சைக் கூடுதலாக வெளிவிடச் செய்யும். வயிற்றைக் கட்டுகிற லோபரமைட்டும் கூடாது. ஆனால் எங்கள் பக்கம் இரத்தக் கழிச்சல் என்றால் முதலில் நினைப்பது ஷிகெல்லா என்ற வேறொரு கிருமி, அதற்கோ அன்டிபயோட்டிக் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற இளம் வைத்தியரை ஒருத்தரும் எழுதவில்லை.

பனங்கூடல் எழுதியது:

"அமெரிக்கக் கதை" எண்டவைக்கு ஒரு பதில்: 2011இல ஜேர்மனியில 50க்கு மேல சனம் செத்தது முளைகட்டின வெந்தயத்தால. கிருமி ஈ.கோலையின்ர இன்னொரு வகை, ஓ104. நச்சு அதே சீகா. முதல்ல ஸ்பெயின் வெள்ளரிக்காயைப் பிழை சொல்லி அந்த விவசாயிகளின்ர வயித்தில அடிச்சுப்போட்டு, பிறகுதான் வெந்தயத்துக்கு வந்தவை. மாடும் இல்லை, பேர்கரும் இல்லை. எங்கட அடுப்படியில வெந்தயம் இல்லாத வீடு இருக்கோ? (குழம்பில கொதிக்கிறதுக்கு ஒண்டும் வராது. பச்சை முளைதான் பிரச்சினை, முளைக்கிற சூடும் ஈரமும் கிருமிக்கும் வாய்ப்பு.) ஆட்டிலும் சீகா நச்சுக் கிருமி இருக்கும் எண்டதையும் மறக்காதேங்கோ.

அகார்த் தட்டு எழுதியது:

பனங்கூடல் சொன்னதோடு ஒரு துப்பு. ஓ157ஐப் பிடிக்க, சோபிட்டோல் என்ற இனிப்புப் பொருள் கலந்த கிருமி வளர்ப்புத் தட்டு (சோபிட்டோல் மக்கொன்கி) வைப்பார்கள். மற்ற ஈ.கோலை பெரும்பாலும் சோபிட்டோலை நொதிக்க வைத்து இளஞ்சிவப்பாகும், ஓ157 நிறமில்லாமல் நிற்கும். ஓ104 சோபிட்டோலை நொதிக்க வைக்கும், ஆகவே அந்தத் தட்டில் சாதாரண ஈ.கோலை போல ஒளிந்துவிடும். கொலைகாரன் வேசம் மாற்றி வருகிறது போலத்தான். வழமையான மலப் பரிசோதனையில் பல இடங்களில் இந்தத் தட்டு வைக்க மாட்டார்கள், வைத்தியர் குறிப்பிட்டுக் கேட்கவேண்டும்.

தண்ணீர்ப்பந்தல் எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு வாறன். யாழ்ப்பாணத்தில் வைச்சு எழுதுறதெண்டால் பேர்கரை விட்டுட்டு அன்னதானக் கிடாரத்தைப் பிடியுங்கோ. சைவச் சாப்பாடு எண்டால் நஞ்சாகாது எண்டு எல்லாரும் நம்புறதே கதைக்கு நல்ல மறைப்பு.

விடிய 3 மணிக்குப் பெரிய கிடாரத்தில் கடலைக் கறி இறக்கினம் எண்டு வையுங்கோ. கிளொஸ்ட்ரிடியம் பெர்பிரிஞ்ஞென்ஸ் எண்ட கிருமியின்ர வித்திகள் (சூட்டைத் தாங்குற உறங்குநிலை) கொதியில் சாகாது. கொதி காற்றை வெளியேற்றிவிடும், காற்றில்லாத இடம்தான் அதுக்கு விருப்பம். மூடி வைச்ச கிடாரத்தின் நடுப்பகுதி மணித்தியாலக் கணக்கில் இளஞ்சூடாய் நிற்கும். 43, 45 பாகையில் அது 10 நிமிசத்துக்கு ஒருக்கா இரட்டிக்கும். மத்தியானம் பரிமாறினால் இரவு 8 மணியில இருந்து விடியிறதுக்குள் வயித்துக்குத்தும் கழிச்சலும். சத்தி குறைவு, காய்ச்சல் இராது. ஒரு நாளில் அடங்கிவிடும், ஆக்கள் சாகிறது அரிது. திகில் போதாதெண்டால் நெருப்புக்காய்ச்சல் (டைபொயிட்) இருக்கு: அறிகுறி வர ஒண்டு, இரண்டு கிழமை, சிலருக்கு அதுக்கும் மேல. அதுக்குள்ள திருவிழா முடிஞ்சு கொடியும் இறங்கியிருக்கும். சுண்ணக்கல் நிலம், கிணத்துக்குக் கிட்ட மலசலகூடக் குழி, குழித்தண்ணி கிணத்துக்கு ஊறும். எங்கட மண்ணுக்கு உரிய காரணமே கையில இருக்கு.

துப்பறிவாளரைத் தேட வேண்டாம், பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) இருக்கிறார். உணவு நஞ்சாதல் அறிவிக்கவேண்டிய நோய். ஆஸ்பத்திரி சந்தேகத்திலேயே 544 படிவத்தைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்பவேணும், ஆய்வுகூட முடிவு வரட்டும் எண்டு காத்திருக்கிறதில்லை. விசாரணையில் நாவல்காரர் எப்பவும் விடுற பிழை, நோயாளியளை மட்டும் கேட்கிறது. நோய் வராத ஆக்களையும் கேட்கவேணும். உதாரணத்துக்குக் கடலைக் கறி தின்ட 50 பேரில் 30 பேருக்கு நோய், தின்னாத 30 பேரில் 3 பேருக்கு எண்டால், 60 வீதத்துக்கு 10 வீதம், ஆறு மடங்கு. பாயாசத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவு வந்தால் அதை விடலாம். மிச்சச் சாப்பாட்டைத் தொற்றுநீக்கிய போத்தலில் எடுத்து ஐஸ் பெட்டியில் வைக்கவேணும், உறைய விடக்கூடாது. உறைஞ்சால் பெர்பிரிஞ்ஞென்ஸ் செத்துச் சாட்சியும் போச்சு. கதையில் வில்லனுக்கு வேலை வேணுமெண்டால் மாதிரியை டீப் பிரீஸருக்குள்ள போடச் சொல்லுங்கோ. பாக்கிறவைக்கு அது பொறுப்பான வேலையாத்தான் தெரியும்.

கோண்டாவில் வாசகி எழுதியது:

டீப் பிரீஸர் வில்லன் அருமை. கடைசியா ஒண்டு: பழுதான சாப்பாட்டைத் திரும்பக் கொதிக்க வைச்சா சரிவராதோ? வட்டத்தில ஒராள் பிடிவாதமா நிக்கிறார்.

அகார்த் தட்டு எழுதியது:

கிருமியைப் பொறுத்தது. ஓ157 என்றால் சரிவரும், அது நச்சை விடுவது உங்கள் குடலுக்குள். கிருமி செத்தால் கதை முடிந்தது. பெர்பிரிஞ்ஞென்ஸும் நன்றாகக் கொதித்தால் அப்படித்தான். ஆனால் ஸ்டபிலோகொக்கஸும், ஆறவிட்ட சோற்றில் வளர்கிற பசிலஸ் சீரியஸும் நச்சைச் சாப்பாட்டிலேயே விட்டுவிடும். சீரியஸின் வாந்தி நச்சு 121 பாகையில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாது. வெளியே கிடந்த பழஞ்சோற்றைக் கொத்தாக்கி எவ்வளவு வறுத்தாலும் ஒன்றிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் சத்தி வரலாம். அவரிடம் எந்தக் கிருமி என்று கேளுங்கள்.