பொருள்: எந்தத் தெர்த்துல்லியன்? ஒரு கலைச்சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

ரோமச் சட்ட வரலாறு ஒன்றை மொழிபெயர்த்துவருகிறேன். பேரரசர் ஜஸ்டினியன் 533இல் வெளியிட்ட டைஜஸ்ட் என்ற சட்டத் தொகுப்பில் தெர்த்துல்லியன் என்ற சட்ட அறிஞரின் எழுத்துகள் சில வருகின்றன. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரிலிருந்து 197 வாக்கில் கிறித்தவர்களுக்காக வாதாடி நூல் எழுதியவரும் தெர்த்துல்லியன்தான். முதல் வரைவில் சட்ட அறிஞருக்குக் கார்த்தேஜ்காரரின் வாழ்க்கைக் குறிப்பைப் போட்டுவைத்தேன். மெய்ப்புப் பார்த்தவர் சிவப்பு மையில் "எந்தத் தெர்த்துல்லியன்?" என்று கேட்ட பிறகே விழித்துக்கொண்டேன். இப்படி ஒரே பெயரில் வருபவர்களை எப்படிச் சொல்வது?

—

> எப்படிச் சொல்வது?

'ஒருபெயர்ப் பலர்' என்று சொல்லலாமே? நிகண்டுகளின் 'ஒருசொற் பல்பொருள்' தொகுதி தந்த வார்ப்புதான். 'பெயரன்' இன்னும் அழகு. ஆனால் பாட்டன் பெயரைச் சுமந்த பேரப்பிள்ளை அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டான்.

—

> 'ஒருபெயர்ப் பலர்' என்று சொல்லலாமே?

ஐயா, சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விசாரணை முடியும் முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறது. இவர்கள் இருவர்தானா என்பதே வழக்கு.

கார்த்தேஜ்காரர் ரோமச் சட்டத்தில் வல்லவர் என்று எழுதிவைத்தவர் திருச்சபை வரலாறு எழுதிய யூசேபியஸ். போதாக்குறைக்கு, தப்பறைக்காரர்களை, அதாவது திருச்சபைக் கோட்பாட்டிலிருந்து விலகியவர்களை, மறுக்கும் தம் நூலின் தலைப்பிலேயே ஒரு நீதிமன்றச் சொல்லை வைத்தார் கார்த்தேஜ்காரர். சட்ட அறிஞரோ, படைவீரன் தன் பணியில் ஈட்டிய தனிச்சொத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். கார்த்தேஜ்காரரும் ஒரு படைவீரனுக்காக எழுதினார்: பேரரசரின் நன்கொடை வாங்கும் வரிசையில் எல்லோரும் மாலையைத் தலையில் சூடியிருக்க, அவன் மட்டும் அதைக் கையில் பிடித்தபடி நின்று சிறைக்குப் போனான். இரண்டையும் படித்தவனுக்கு ஒரே ஆள்தான் என்று சொல்ல நாக்கு துடிக்கும், எனக்கும் துடித்தது. ஆனால் அக்காலத்தில் பேச்சுக்கலை கற்ற எவனும் சட்டச் சொற்களைச் சரளமாக ஆண்டான். 1971இல் வரலாற்றாசிரியர் டிமோதி பார்ன்ஸ் இருவரும் ஒருவரே என்ற கருத்தை வலுவாக மறுத்தார். ஆனாலும் கேள்வி அடியோடு ஓயவில்லை.

மூன்றாவதாகவும் ஒரு பெயர் குழப்பும். பிள்ளையின் சொத்தில் தாய்க்கு உரிமை தந்த ரோம ஆட்சி மன்றத் தீர்மானம், தெர்த்துல்லஸ் என்பவரின் பெயரால் 'தெர்த்துல்லியானும்' என்று வழங்குகிறது. அது பேரரசர் ஹேட்ரியன் காலத்தது. ஹேட்ரியன் 138இல் இறந்தார். கார்த்தேஜ்காரர் பிறந்ததே 160ஐ ஒட்டி. இங்கே ஐயத்துக்கு இடமே இல்லை.

ஆக, ஒரு சொல் போதாது. வேறு ஆட்கள் என்று உறுதியானால் 'ஒருபெயரர்'. உறுதியாகாதவரை 'ஒருபெயர் ஐயம்'. தொல்காப்பிய உரைகாரர்கள் "குற்றிகொல்லோ மகன்கொல்லோ" என்று, மங்கிய ஒளியில் மரக்கட்டையா மனிதனா எனத் திகைப்பதைக் காட்டுகிறார்களே, அதே ஐயம். ஒருவரை இன்னொருவராக எழுதிவிடும் பிழைக்கு 'ஆள்மயக்கம்'. திணைமயக்கம், உருபுமயக்கம் என்று நமக்குப் பழகிய 'மயக்கம்' இது.

விலக்கும் வழியையும் தொல்காப்பியமே பலபொருள் ஒருசொல்லுக்குச் சொல்லியிருக்கிறது: வினை, இனம், சார்பு. 'மா பூத்தது' என்றால் மரம், 'மா ஓடிற்று' என்றால் விலங்கு. ஆட்களிடம் வினை மட்டும் கைகொடுப்பதில்லை. நம் இரண்டு 'மா'வும் சட்டம் பேசுகின்றன.

—

மூன்றில் இரண்டுக்கு என் வாக்கு. 'ஆள்மயக்கம்' மட்டும் வேண்டாம். நன்னூல்படி புணர்த்தினால் அது 'ஆண்மயக்கம்' ஆகிவிடும். சட்ட நூலின் சொல்லடைவில் அதைப் பார்க்கும் வாசகர் வேறு எதையோ நினைத்துக்கொள்வார்.

—

சிரித்துவிட்டேன், அம்மா. 'பெயர்மயக்கம்' என்று மாற்றிக்கொள்கிறேன். மற்ற இரண்டும் அப்படியே சொல்லடைவில் ஏறிவிட்டன. அடிக்குறிப்பில் இப்போது இருப்பது: 'தெர்த்துல்லியன், சட்ட அறிஞர். திருச்சபை எழுத்தாளரோடு ஒருபெயர் ஐயம்.' பிறப்பூரை அடித்துவிட்டேன்.