ரிஃப்ராக்டரில் ரெட்யூசர்: உங்கள் அனுபவம் எப்படி?

என்னுடையது 80 மிமீ ரிஃப்ராக்டர் (லென்ஸ் வைத்த டெலஸ்கோப்), எஃப்/6, அதாவது குவிய தூரம் லென்ஸ் விட்டத்தைப் போல 6 மடங்கு. குவிய தூரம் 480 மிமீ. குவிய தூரத்தைக் குறைக்கும் லென்ஸான ரெட்யூசரில் 0.8 மடங்கு ஆக்குவதை மாட்டினால் அது 384 மிமீ, எஃப்/4.8 ஆகிவிடும். ஏபிஎஸ்-சி (பல டிஎஸ்எல்ஆர்களில் வரும் நடுத்தர அளவு) சென்சாரின் நீளவாக்கில் முன்பு 2.8 டிகிரி வானம்தான் விழும். ஆண்ட்ரோமெடா காலக்ஸியோ 3 டிகிரி நீளம். கேமராவை எப்படித் திருப்பி வைத்தாலும் ஓரம் இடித்துக்கொண்டே இருந்தது. இப்போது 3.5 டிகிரி கிடைக்கிறது. முழு காலக்ஸியும் தாராளமாக உட்காருகிறது.

நம் ஊரில் ஆண்ட்ரோமெடாவுக்கு இன்னொரு தொல்லை. அது ராத்திரி உச்சத்தில் நிற்கும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. மேகம் விலகி ஜவ்வாது மலைக்குக் கிளம்பும்போது ஜனவரி ஆகிவிடும். இருட்டியதும் பார்த்தால் வடமேற்கில் இறங்கிக்கொண்டிருக்கும். நல்ல உயரத்தில் கிடைப்பது இரண்டு மூன்று மணி நேரம். எஃப்/6-இல் மூன்று நிமிடம் கேட்ட எக்ஸ்போஷர் இப்போது இரண்டு நிமிடத்துக்குள் முடிகிறது என்பது அப்போது பெரிய விஷயம்.

ஆனால் ரெட்யூசர் போட்டால் டெலஸ்கோப் அதிக ஒளி வாங்கும் என்று சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். 80 மிமீ லென்ஸ் 80 மிமீதான். அதே ஒளி சின்ன இடத்தில் குவிகிறது, அதனால் ஒரு பிக்சலுக்குச் சுமார் 1.56 மடங்கு. அதற்குப் பதிலாக காலக்ஸி சென்சாரில் சிறிசாக விழும்.

நிஜமாக வேலை வாங்கியது 55 மிமீ. பல ரெட்யூசர்களுக்கும் சென்சாருக்கும் இருக்க வேண்டிய இடைவெளி அது. கேனன் டிஎஸ்எல்ஆரில் உடலுக்குள் 44, கேமராவை டெலஸ்கோப்போடு இணைக்கும் டி-ரிங் 11, கணக்கு கச்சிதம். நடுவில் 2 மிமீ ஃபில்டர் ஒன்று நுழைந்ததும் குவியம் சுமார் 0.7 மிமீ பின்னால் போய்விட்டது. படத்தின் நடுவில் நட்சத்திரங்கள் ஊசிமுனை. மூலைகளில் மையத்தைப் பார்த்து நீண்ட கீற்றுகள். அப்படி நீண்டால் சென்சார் கிட்ட இருக்கிறது, மையத்தைச் சுற்றி வளைந்தால் தள்ளி இருக்கிறது. 0.5 மிமீ ஷிம் (இடைவெளி கூட்டும் மெல்லிய) வளையம் செருகியதும் மூன்று மூலை சரியானது. கீழ் இடது மட்டும் இன்னும் முட்டை வடிவம். யாருக்காவது இப்படி வந்ததா?

பதில்:
நான் சோனி மிரர்லெஸ். உடலுக்குள் 18 மிமீதான், மிச்சம் 37-ஐ வளையங்களால் நிரப்பினேன். வளையத்தில் அச்சிட்டிருக்கும் அளவை நம்ப வேண்டாம், வெர்னியரில் அளந்துவிடுங்கள். அப்புறம், ரெட்யூசர் போட்டால் ஃபோகஸ் புள்ளி உள்ளே வரும். என் பழைய டெலஸ்கோப்பில் ஃபோகசரை (கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தும் குழாயை) கடைசிவரை உள்ளே தள்ளியும் ஃபோகஸ் கிடைக்கவே இல்லை.

பதில்:
நண்பர் ஒருவர் ஐபீஸ் அளவுள்ள 1.25 அங்குல 0.5 ரெட்யூசரைக் கொண்டுவந்தார், விலை சல்லிசு. சின்ன சென்சார் கேமராவில் பரவாயில்லை. டிஎஸ்எல்ஆரில் மாட்டினோம், நடுவில் ஒரு வட்டம் மட்டும் வெளிச்சம், சுற்றிலும் இருட்டு. ஓர இருட்டைச் சரிசெய்ய எடுக்கும் ஃப்ளாட் ஃப்ரேம் எடுத்தும் தேறவில்லை.

எம்57 (வளைய நெபுலா) மாதிரி பொடிசுகளுக்கு நான் ரெட்யூசரைக் கழற்றிவிட்டு, குவிய தூரத்தைக் குறைக்காமல் மூலைகளை மட்டும் சரிசெய்யும் ஃப்ளாட்னர் மாட்டுவேன். 384 மிமீ-இல், 3.76 மைக்ரான் பிக்சலில், அந்த வளையம் நாற்பது சொச்சம் பிக்சல்தான் வரும். அதில் என்ன பார்ப்பது?

பதில்:
அந்தக் கீழ் இடது மூலைக்கு: ஃபோகசர், ரெட்யூசர் எதையும் தொடாமல் கேமராவை மட்டும் 180 டிகிரி திருப்பி ஒரு படம் எடுங்கள். முட்டை அதே மூலையில் நின்றால் சென்சார் சாய்வு. எதிர் மூலைக்குப் போனால் கோளாறு டெலஸ்கோப் பக்கம்; முதலில் ஃபோகசர் தொங்குகிறதா என்று பாருங்கள்.