மறு: எட்ச் பிரைமர் – ‘அரிப்புப் பூச்சு’ வேண்டாம், ‘கவ்வுபூச்சு’ எனலாமா?

அன்பின் நண்பர்களே,

> எட்ச் பிரைமருக்கு ‘அரிப்புப் பூச்சு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. புழக்கத்தில் உள்ள சொல்தானே.

அண்ணா, எனக்கு அங்கேதான் இடிக்கிறது. எட்ச் பிரைமர் என்பது உலோகத்தில் பெயின்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் அடிப்பூச்சு. அலுமினியத்தில் நாம் பயப்படுவதே அரிப்புக்குத்தான். அது வராமல் காக்கிற பூச்சுக்கே அந்தப் பெயரை வைத்தால், ‘அரிப்பை நீக்கிவிட்டு அரிப்புப் பூச்சு அடிக்கவும்’ என்று எழுத வேண்டி வரும். வேலை பழகுகிற பிள்ளை குழம்பிப் போகும்.

பட்டுத்தான் சொல்கிறேன். ஹட்டனில் என்னிடம் இருக்கும் பிசி-348, இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க விமான வானொலி ஏற்பி (ரிசீவர்). அதன் அலுமினியப் பெட்டியைத் தேய்த்து, கழுவி, எட்ச் பிரைமர் இல்லாமல் நேரே கறுப்புப் பெயின்ட் அடித்தேன். பார்க்க அருமையாக இருந்தது. மே மாத மழை பிடித்து மூன்று மாதம் போனதும் மூலையில் நகத்தை வைத்தேன். வெங்காயத் தோல் மாதிரி ஒரே தாளாக எழுந்து வந்தது. அடியில் பெயின்ட் தொட்ட சுவடே இல்லை.

காற்றுப் பட்ட உடனேயே அலுமினியத்தின் மேல் சில நனோமீற்றர் தடிப்பில் ஒட்சைட்டுப் படலம் வந்துவிடும். சாதாரண பெயின்ட் அதில் சரியாகப் பிடிக்காது. எட்ச் பிரைமரிலுள்ள பொசுபோரிக்கமிலம் அந்தப் படலத்தைக் கடித்து உலோகத்தோடு பொசுபேற்றாகப் பிணைகிறது. கூட இருக்கிற பிசின், மேலே வரும் பெயின்டைப் பிடித்துக்கொள்கிறது. கீழும் மேலும் ஒருசேரப் பிடிப்பது கவ்வுதல்தானே?

முதலில் ‘கடிபூச்சு’ என்றுதான் நினைத்தேன். கராஜில் பெயின்ட் பாஸிடம் சொன்னபோது ‘கடிபூச்சி’ என்று அவர் காதில் விழுந்தது. அதை விட்டுவிட்டேன். ‘கவ்வுபூச்சு’ என்றதும், “மெல்லிசா ஒரு கோட் அடிப்போமே, அதுதானே?” என்றார். விளக்கமே தேவைப்படவில்லை. கவ்வும் பூச்சு, வினைத்தொகை. ஆகவே நடுவில் ‘ப்’ வேண்டாம்.

பழைய பெயின்டை எடுப்பதற்குச் சிலர் ‘சுரண்டல்’ என்று எழுதுகிறார்கள். அலுமினியம் மென்மையானது, சுரண்டினால் கீறிப்போகும். மலையகத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு கனமும் உண்டு. ‘உரித்தல்’ போதும், அதற்கான மருந்து ‘உரிப்பான்’. காஸ்டிக் சோடாவை மட்டும் உரிப்பான் பட்டியலில் சேர்க்காதீர்கள். பெயின்டோடு நிற்காது, ஹைட்ரஜன் நுரைக்க நுரைக்க அலுமினியத்தையே தின்னும். அப்புறம், அடியில் மஞ்சள் கலந்த பச்சையில் பழைய பூச்சு தெரிந்தால் அது நாகக் குரோமேற்றாக (சிங்க் குரோமேட்) இருக்கலாம். புற்றுநோய் தரக்கூடியது, உலர்வாகத் தேய்த்துத் தூசு கிளப்பவே கூடாது.

இன்னொரு சொல்லும் வேண்டும். இந்தப் பெட்டியில் முதலில் இருந்தது வழவழப்பான கறுப்பு அல்ல; மேல்தோல் முந்திக் காய்ந்து சுருங்குவதால் வரும் நெளிநெளியான பூச்சு. நரை திரை என்கிறோமே, தோல் சுருக்கத்தைச் சொல்லும் அந்தத் திரையை எடுத்துத் ‘திரைப்பூச்சு’ எனலாமா, அல்லது எல்லோருக்கும் விளங்க ‘சுருக்கப்பூச்சு’ என்றே விடலாமா?