ஆன்லைன் சி.எம்.இ. (டாக்டர்களுக்கான தொடர் மருத்துவக் கல்வி): உங்களுக்கு உண்மையில் கை கொடுத்தது எது?

மாவட்ட மருத்துவமனையில் ஆர்த்தோ (எலும்பு சிகிச்சை) பார்க்கிறேன். டாக்டர் பதிவைப் புதுப்பிக்க 5 ஆண்டுக்கு 30 கிரெடிட் அவர் காட்ட வேண்டுமே என்று வெபினார்களில் உட்காருவது கோவிட் காலத்தில் பழகிவிட்டது. பாதிக்கு மேல் சான்றிதழுக்காகத்தான். ஓர் இம்ப்ளான்ட் கம்பெனியின் கூட்டம் முழுக்க அவர்கள் பிளேட்டின் (முறிந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் தகடு) பெருமைதான். கேள்வி கேட்க வாய் திறப்பதற்குள் நன்றியுரை வந்துவிட்டது.

எனக்கு உதவியது கிரெடிட் எதுவும் வாங்கித் தராத ஒன்று. பைக்கிலிருந்து விழுந்து டிபியல் பிளாட்டோ (முழங்கால் மூட்டில் கீழ்க்கால் எலும்பின் மேல்தளம்) நொறுங்கிய ஒருவர் வந்தார். எக்ஸ்ரேயில் வெளிப்பக்கம்தான் பிரச்சினை போலிருந்தது. சி.டி. எடுத்தால், உள்பக்கம் பின்மூலையில் தனியாக ஒரு பெரிய துண்டு. வெளிப்பக்க லாக்கிங் பிளேட்டிலிருந்து போகும் ஸ்குரூக்கள் இந்தத் துண்டைப் பல நேரம் சரியாகப் பிடிக்காது. வீக்கம் வடியக் காத்திருந்த நாட்களில் ஏ.ஓ. சர்ஜரி ரெஃபரன்ஸ் என்ற எலும்பு முறிவு சிகிச்சைக்கான இணையக் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். இலவசம்தான். எலும்பு, முறிவின் வகை, அப்ரோச் (எந்த வழியாகத் திறப்பது), ஃபிக்சேஷன் (எப்படிப் பொருத்துவது) என்று படத்தோடு படிப்படியாகப் போகலாம்.

அங்கே மனதில் நின்றது பட்ரஸ் பிளேட் (துண்டு நழுவாமல் முட்டுக்கொடுக்கும் பிளேட்) போடும் விதம். பிளேட்டை எலும்போடு ஒட்டிப் போகும்படி முழுதாக வளைக்கக் கூடாது, கொஞ்சம் குறைத்து வளைக்க வேண்டும். முதல் ஸ்குரூ முறிவின் கீழ்முனைக்குச் சற்றுக் கீழே. தியேட்டரில் அப்படியே வைத்தேன். பக்கத்தில் நின்ற ஹவுஸ் சர்ஜன், “பிளேட் தூக்கிட்டு நிக்குதே சார்” என்றார். ஸ்குரூவை முடுக்க முடுக்க, பிளேட் படிந்து துண்டை அழுத்தி உட்கார வைத்ததை சி-ஆர்மில் (தியேட்டரிலேயே எக்ஸ்ரே காட்டும் கருவி) அவரே பார்த்தார். இதற்குத்தான் கிரெடிட் தரவேண்டும்!

பதில் 1

சார், நான் பிஜி கடைசி வருஷம். ஆர்த்தோபுல்லட்ஸ் என்ற ஆர்த்தோ படிப்பு இணையதளத்தில் கேள்விகளைவிட கேஸ் வாக்கெடுப்புதான் எனக்குப் பிடிக்கும். ஒரே எக்ஸ்ரேக்கு ஒருவர் நெயில் (எலும்புக்குள் செலுத்தும் கம்பி) என்பார், இன்னொருவர் பிளேட் என்பார். எழுத்துப் பரீட்சைக்கு உதவாது, வைவாவில் (வாய்மொழித் தேர்வு) வாதாட உதவும்.

பதில் 2

குழந்தைகள் ஆர்த்தோவிலிருந்து ஒன்று. சுப்ராகாண்டைலர் முறிவுக்கு (முழங்கைக்குச் சற்று மேலே வருவது) ‘பின்’ என்ற மெல்லிய கம்பி போடும் வீடியோ எத்தனையோ பார்த்திருப்போம், எல்லாவற்றிலும் முதல் இழுப்பிலேயே எலும்பு சேர்ந்துவிடும். ஒரு ராத்திரி நடந்த நேரடி கேஸ் விவாதத்தில் மூத்த டாக்டர் ஒருவர் தன் சொந்த கேஸையே போட்டார்: உள்பக்கப் பின் போட்ட பிறகு குழந்தையால் விரல்களை விரிக்க முடியவில்லை, முழங்கையின் உள்பக்கமாகப் போகும் அல்நார் நரம்பு பாதிக்கப்பட்டிருந்தது. பின்னை எப்போது எடுத்தார், பெற்றோரிடம் என்ன சொன்னார் என்று எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். எங்கள் யூனிட்டில் இப்போது முதலில் வெளிப்பக்கம் இரண்டு பின்தான். அது போதாமல் உள்பக்கம் போட வேண்டி வந்தால், முழங்கையை நீட்டி, சின்னதாகத் திறந்து நரம்பை ஒதுக்கிய பிறகே. அந்த மாதிரி விவாதம் எங்காவது நடந்தால் இங்கே தேதியைப் போடுங்கள், டியூட்டி மாற்றிக்கொண்டாவது வந்துவிடுகிறேன்.